குப்பைமேட்டின் வாரிசு

வேண்டாம் என்று தூக்கி எறிந்த பொருளுக்குச் சொந்தக்காரன் யார்? எறிந்தவன் என்று சொல்வதற்கில்லை. வேண்டாம் என்றுதானே எறிந்தான்? எடுத்தவன் என்று சொல்லலாமென்றால் போலீஸ்காரன் ஒப்புக்கொள்வது சந்தேகம். ஊருக்குச் சொந்தம் என்றால், ஊர் என்பது யார் என்ற கேள்வி உடனே எழும். வக்கீல்கள் தங்களுக்குள் வாதாடித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரு பெரிய நாவலாசிரியர் இதையே எடுத்துக்கொண்டு எண்ணூறு பக்கத்துக்குக் கதை சொல்லியிருக்கிறார்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' 1864 மே மாதத்திலிருந்து 1865 நவம்பர் வரையில் மாதாந்தரப் பகுதிகளாக வெளிவந்தது. அவர் எழுதி முடித்த நாவல்களில் அதுவே கடைசி. 'டேவிட் காப்பர்ஃபீல்டை'யும் 'ஆலிவர் ட்விஸ்டை'யும் படித்துக் கண்ணீர் விட்டவர்கள்கூட இந்த நாவலின் பக்கம் அதிகமாக வருவதில்லை. பாத்திரங்கள் அதிகம், முடிச்சுகள் அதிகம், நடுவே சில அத்தியாயங்களில் களைப்புத் தட்டுகிறது. இருந்தும் அவருடைய நாவல்களில் இன்றைக்கு நாம் அவசியம் படிக்க வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் அவர் செய்த சாதனைக்காகவும் சொல்வேன். செய்யாமல் விட்ட ஒரு காரியத்துக்காகவும் சொல்வேன்.

கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஹார்மன் என்று ஒரு கிழவன், கொடிய கருமி. குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் எடுத்துப் பணம் சேர்த்தவன். மலை மலையாகக் குவித்த குப்பைமேடுகளுக்கு நடுவிலேயே குடியிருந்தான். பெற்ற மகளைத் துரத்தினான். அவளுக்காகப் பரிந்து பேசிய மகனையும் துரத்தினான். சாகும்போது, தான் குறிப்பிடும் பெண்ணை மகன் கல்யாணம் செய்துகொண்டால் சொத்து அவனுக்கு என்றும், இல்லாவிட்டால் பழைய வேலைக்காரன் பாஃபினுக்கு என்றும் உயில் எழுதி வைத்தான். ஊர் திரும்பும் மகன் தேம்ஸ் நதியில் பிணமாக மிதந்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். சொத்து பாஃபினுக்கு வருகிறது. உண்மையில் சாகாத மகன், வேறு பெயரில், அந்தப் பாஃபினிடமே காரியதரிசியாக வேலைக்குச் சேருகிறான். மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

குப்பையில் இவ்வளவு சொத்தா என்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்து லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்தது. ஆகையால் குப்பையில் பெரும்பங்கு சாம்பல். அதைச் சலித்தால் கிடைக்கும் பொடி, செங்கல் அறுப்பவர்களிடம் போய்க் களிமண்ணோடு கலந்தது. பாதி எரிந்த கரித்துண்டுகள் அதே செங்கல்லைச் சுடுவதற்கு எரிபொருளாயின. எலும்பு, கந்தல், பழைய இரும்பு எல்லாம் காயலான்கடைக்குப் போயின. சிப்பி ஓடும் உடைந்த செங்கல்லும் ரோட்டுக்கு அடியில் போட உதவின. பழைய பூட்ஸைக்கூட விடவில்லை. 'பிரஷ்யன் நீலம்' என்ற சாயம் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி 1851-ல் புத்தகம் போட்ட ஹென்றி மேஹ்யூ இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். விலை நன்றாக இருந்த நாளில் கான்ட்ராக்டர்கள் ஊருக்குப் பணம் கொடுத்துக் குப்பையை அள்ளினார்கள். விலை இறங்கிய பிறகு ஊர் அவர்களுக்குப் பணம் கொடுத்து அள்ளச் சொன்னது. ஒரே குப்பை; ஒரு வருஷம் சொத்து, இன்னொரு வருஷம் சுமை.

விமரிசகர்கள் இந்த மேடுகளைப் பணத்தின் குறியீடு என்கிறார்கள். செல்வம் என்பதே குப்பை, அதைத் தேடி அலைகிறவன் குப்பையைக் கிளறுகிறவன் என்று டிக்கன்ஸ் சொல்வதாக அவர்கள் கருத்து. அப்படிப் படிக்கவும் புத்தகத்தில் இடம் இருக்கிறது. ஆனால் குறியீடு என்று சொன்னவுடன் ஒரு சௌகரியம் ஏற்பட்டுவிடுகிறது. குப்பையை மறந்துவிடலாம். டிக்கன்ஸுக்கு அந்த மேடு முதலில் சரக்கு. எடை போட்டு விற்கிற சரக்கு. அதற்குப் பாத்தியதை யாருக்கு என்பதுதான் கதையை நடத்திச் செல்கிறது.

இந்த ஒரே கேள்வியை அவர் எத்தனை கோணத்திலிருந்து கேட்டுப் பார்க்கிறார் என்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே, தேம்ஸில் மிதக்கும் பிணங்களைத் தேடிப் பிழைக்கும் காஃபர் ஹெக்ஸம் வருகிறான். பிணத்தின் பையில் இருக்கும் காசை எடுத்துக்கொள்கிறவன் அவன். உயிரோடிருந்த மனிதனிடம் திருடிய பழைய கூட்டாளி தன்னையும் இவனையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச வரும்போது, ஹெக்ஸத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. பணம் இந்த உலகத்துச் சாமான்; செத்தவன் வேறு உலகத்துக்காரன்; அவனுக்கு எப்படிப் பணம் சொந்தமாகும் என்று கேட்கிறான். படிக்கிற நமக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

அடுத்தது சைலஸ் வெக். ஒரு கால் மரக்கால். தெருமுனையில் பாட்டுப் புத்தகம் விற்கிறவன். எழுதப் படிக்கத் தெரியாத பாஃபினுக்குச் சரித்திரம் படித்துக் காட்டும் வேலை இவனுக்குக் கிடைக்கிறது. கையில் நாலு காசு சேரப்போகிறது என்றதும் இவன் நேராக வீனஸ் என்பவனுடைய கடைக்குப் போகிறான். வீனஸ், எலும்புகளைக் கோத்து எலும்புக்கூடு செய்து விற்கிறவன். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த வெக்கின் கால் எலும்பு எப்படியோ அந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை விலைக்குக் கேட்கிறான் வெக். தன் காலைத் தானே விலை பேசுகிறான்! சிரிக்காமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. சிரித்த பிறகு கொஞ்சம் யோசித்தால், உடம்பிலிருந்து போனதும் கால்கூடக் கழிவுதான், கழிவு கைமாறினால் சரக்குதான் என்று டிக்கன்ஸ் சொல்லாமல் சொல்லிவிட்டது தெரிகிறது.

மூன்றாவது, ஜென்னி ரென் என்ற சின்னப் பெண். முதுகு வளைந்தவள், கால் ஊனமானவள், பொம்மைகளுக்கு உடை தைத்து வயிறு வளர்க்கிறாள். ஒரு வியாபார ஸ்தலத்திலிருந்து, ஓட்டை ஒடிசலாகக் கழித்துப் போட்ட துணித் துண்டுகளையும் மணிகளையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். அவளுடைய பொம்மைகள் பெரிய இடத்துச் சீமாட்டிகளைப் போல ஜொலிக்கின்றன. இந்த நாவலில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இவள். காரணம், இவள் ஒருத்தியிடத்தில்தான் கழிவைப் பொருளாக மாற்றுகிற கை கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கையின் வலியும் தெரிகிறது.

இவ்வளவையும் தயார் செய்துவிட்டு டிக்கன்ஸ் பிரதானமான கேள்விக்கு வருகிறார். ஹார்மனின் குப்பைமேடுகள் யாருக்கு? கதையின் பின்பகுதியில் உயில்மேல் உயிலாகக் கிளம்புகிறது. வெக் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அதன்படி ஒரு மேட்டைத் தவிர மற்றதெல்லாம் சர்க்காருக்கு. அதைக் காட்டிப் பாஃபினை மிரட்டிப் பங்கு கேட்கிறான். பாஃபினிடம் அதற்கும் பிந்திய உயில் ஒன்று இருக்கிறது. மேட்டில் புதைத்து வைத்த புட்டியிலிருந்து வந்தது. அதன்படி எல்லாம் பாஃபினுக்கு. அந்த உத்தமன் எல்லாவற்றையும் எஜமானின் மகனுக்கே கொடுத்துவிடுகிறான். வெக்கைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போது, தெருமுனையில் நிற்கும் குப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள். சுபம்.

மகன், வேலைக்காரன், சர்க்கார், திருடன் என்று இந்த வழக்கில் நாலு கட்சிகள். ஐந்தாவது கட்சி ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்கிறேன். மேட்டிலிருந்த குப்பை தானாகவே சாம்பலென்றும் எலும்பென்றும் இரும்பென்றும் பிரிந்துகொள்ளவில்லை. பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேஹ்யூ அவர்களைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். தோல் முன்றானை கட்டிக்கொண்டு, குவியலுக்குள் நின்று, ஆள் ஒருவன் வாரிப் போடப் போட, இரும்புச் சல்லடையை நாள் முழுவதும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சல்லடை ஆடாவிட்டால் ஹார்மனுக்கு ஏது சொத்து? அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேசவைத்து, ஒரு பாத்திரமாக நிறுத்த டிக்கன்ஸுக்குத் தோன்றவில்லை.

தெரியாமல் விட்டார் என்று சமாதானம் சொல்ல இடமில்லை. அவரே நடத்திவந்த 'ஹவுஸ்ஹோல்ட் வோர்ட்ஸ்' பத்திரிகையில், 1850 ஜூலையில், ஆர். எச். ஹார்ன் என்பவர் குப்பைமேட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் குப்பையைச் சலித்துப் பொறுக்கி ஜீவிக்கிற ஒரு கிழவி, ஒரு கிழவன், ஒரு பையன் மூவரும்தான் முக்கிய பாத்திரங்கள். அவர்களுக்குப் பேச்சு இருக்கிறது, வயது இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆசிரியர் என்ற முறையில் டிக்கன்ஸ் அதை வரிவரியாகப் படித்துத்தான் அச்சுக்குக் கொடுத்திருப்பார். பதினாலு வருஷம் கழித்து அவர் அந்த மேட்டை எடுத்துக்கொண்டார். மேட்டின்மேல் நின்றவர்களை இறக்கிவிட்டார்.

பாஃபின் தொழிலாளிதானே, சொத்து அவன் கைக்குத்தானே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சொத்து அவனுக்கு வருவது வேலை செய்ததற்காக அல்ல. எஜமானின் விசுவாசமான ஊழியன் என்பதற்காக வருகிறது. அதே விசுவாசத்தால் எஜமானின் மகனுக்கே திரும்பிப் போகிறது. நல்ல மனசுக்காரன் கைக்குப் போனால் சொத்தும் நல்லதாகிவிடும் என்பது டிக்கன்ஸின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, தானே எழுப்பிய கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதன் காரணம் ஒருவாறு புரிகிறது. எங்கள் தொழிலில் வாரிசு என்பது மிகவும் சௌகரியமான சாதனம். காணாமற்போன மகன், ஒளித்து வைத்த உயில், கடைசி அத்தியாயத்தில் வெளிவரும் உண்மை எல்லாம் கதையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். வாரிசு ஒருவன்தான் இருக்க முடியும். அவனைப் பின்தொடர்ந்து போகலாம். சல்லடை பிடித்தவர்கள் பலர். அவர்களிடம் காகிதம் இல்லை, முத்திரை இல்லை, சாட்சி இல்லை. அவர்கள் உரிமையைக் கதையாக்குவது கஷ்டம். கதையாக்குவது கஷ்டம் என்பதாலேயே அவர்கள் உரிமை இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். சட்டம் செய்கிற அதே காரியத்தைக் கதையும் செய்துவிடுகிறது.

சட்டம் செய்தது என்ன? நாவல் வெளியாகி இருபது வருஷத்துக்குள் பாரிஸ் நகரத்தில் இதே வழக்கு தெருவுக்கு வந்தது. பூபெல் என்ற அதிகாரி, கட்டிடச் சொந்தக்காரர்கள் குப்பைக்கு மூடி போட்ட தொட்டிகள் வைக்க வேண்டும் என்று 1883-ல் உத்தரவு போட்டார். 1884-ல் அமலுக்கு வந்தது. சுகாதாரத்துக்கு நல்ல உத்தரவுதான். ஆனால் விடியற்காலையில் கொக்கியும் கூடையுமாக வந்து குப்பையைக் கிளறிப் பிழைத்த கந்தல் பொறுக்கிகளின் வயிற்றில் அது அடித்தது. பெரிய கூச்சல் கிளம்பிற்று. தொட்டி வாசலுக்கு வந்த பின், வண்டி வருவதற்கு முன், அவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பிரெஞ்சு பாஷையில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் 'பூபெல்'தான். அதிகாரியின் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. பொறுக்கினவர்களின் பெயர் எதிலும் ஏறவில்லை.

இங்கிலாந்தில் 1957-ல் ஒரு வழக்கு. குப்பை வண்டி ஆட்கள், அள்ளின குப்பையிலிருந்து சில சாமான்களை எடுத்து விற்றுவிட்டார்கள். வேண்டாமென்று எறிந்ததை எடுத்தால் திருட்டாகுமா என்பது கேள்வி. ஆகும் என்றது கோர்ட். தொட்டியில் இருக்கிறவரை வீட்டுக்காரனுக்குச் சொந்தம். வண்டியில் ஏறியதும் நகரசபைக்குச் சொந்தம். நடுவில் ஒரு க்ஷணம்கூட அது சொந்தக்காரன் இல்லாத பொருள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஹெக்ஸம் இருந்து கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பான். சட்டத்தின் கண்ணில் குப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவுகிறது. குனிந்து எடுத்த கை மட்டும் கணக்கில் வருவதில்லை.

டிக்கன்ஸ் கேட்காமல் விட்ட ஐந்தாவது கட்சியைத் தேடிக்கொண்டு போன ஒரு கலைஞரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவர் நாவலாசிரியர் அல்ல. ஆனியெஸ் வர்தா என்ற பிரெஞ்சு சினிமா டைரக்டர். அறுவடையான வயலில் கதிர் பொறுக்குகிறவர்களைப் பற்றி, கையடக்கமான ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், 2000-ல் ஒரு படம் எடுத்தார். கதிர் பொறுக்குவதில் ஆரம்பித்து, அளவு சரியில்லை என்று டன் கணக்கில் கொட்டிய உருளைக்கிழங்கு, கடை கலைந்த பின் சந்தையில் கிடக்கும் காய்கறி, தெருவோரத்துப் பழைய சாமான் என்று படம் விரிந்துகொண்டே போகிறது. கறுப்பு அங்கி அணிந்த வக்கீல் ஒருவர் சட்டப் புத்தகத்தோடு வயல் நடுவில் நின்று, அறுவடைக்குப் பின் பொறுக்கிக்கொள்ளும் உரிமை 1554-ம் வருஷத்து அரச ஆணையிலிருந்து வருகிறது என்று விளக்குகிறார். சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. கடலோரத்தில் சிப்பி பொறுக்குகிறவர்களைக் கேட்டால், பண்ணையிலிருந்து எத்தனை தூரம் தள்ளிப் பொறுக்கலாம், எத்தனை கிலோ எடுக்கலாம் என்பதற்கு ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். சட்டம் ஒன்று, அது அவரவர் கைக்கு வரும்போது வேறு வேறு.

வர்தா உயிலைத் தேடவில்லை. குனிகிற உடம்பைத் தேடினார். படத்தில் ஒரு மனிதர்; படித்தவர்; சந்தை முடிந்த பின் தரையில் கிடப்பதை எடுத்துச் சாப்பிடுகிறார். இரவில், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறார். அவருக்காக நம்மை அழச்சொல்லி வர்தா கேட்கவில்லை. காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அது டிக்கன்ஸ் கண்ணீரோடு எழுதிய பல பக்கங்களைவிட மேலாகப் பட்டது. ஆனால் டிக்கன்ஸிடம் உள்ள வேறொன்று இந்தப் படத்தில் இல்லை. பொறுக்குகிறவர்களின் முகத்தைக் காட்டிய வர்தா, பொறுக்கிய சரக்கில் லட்சம் சேர்க்கும் ஹார்மனைக் காட்டவில்லை. மேட்டையும் சல்லடையையும் சேர்த்துக் காட்டுகிற படைப்பு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

அதற்கு வேண்டிய விஷயம் நம் தேசத்திலேயே இருக்கிறது. புனாவில் காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்குகிறவர்கள் 1993-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நகரசபை குப்பையைக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டால் தங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். அவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து 2008-ல் நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குவது அவர்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் கொடுக்கும் மாதக் கட்டணம் அவர்களுக்கு. பிரித்தெடுத்து விற்ற சரக்கின் பணமும் அவர்களுக்கு. உயிலில்லாமல், புட்டியில்லாமல், சல்லடை பிடித்தவர்கள் வாரிசானார்கள். கிடைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் போராட வேண்டியிருந்தது என்பதும் கதையின் பகுதிதான்.

நம் வீட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய பேப்பர்க்காரனிடம் தராசு முள்ளைப் பார்த்துப் பேரம் பேசுகிறோம். அப்போது காகிதம் நம்முடைய சொத்து. அதே காகிதத்தைத் தொட்டியில் போட்டபின் ஒருத்தி எடுத்தால், வாசலைக் குப்பையாக்குகிறாள் என்று விரட்டுகிறோம். விலையுள்ளவரை சொந்தம் கொண்டாடுவதும், நாற்றம் வந்ததும் கைகழுவுவதும், மற்றவள் எடுத்தால் மறுபடி சொந்தம் கொண்டாடுவதும் கருமி ஹார்மனிடம் மட்டும் இருந்த குணமல்ல.

டிக்கன்ஸின் நாவலைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஹெக்ஸத்தின் கேள்விக்கும், வெக்கின் காலுக்கும், ஜென்னியின் துணித் துண்டுகளுக்கும் இணையாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. குப்பைக்கு விலை வந்தவுடன் சொந்தக்காரன் முளைத்துவிடுகிறான் என்பதை அவ்வளவு தெளிவாகக் கண்டவர் அவர். அந்த விலை எந்தக் கையால் வந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இனிமேல் எழுதப்போகிறவர்கள் கேட்கட்டும்.